முக்கால் கரண்டி

ஒரு சிப்பிக்கு மூன்று நொடி.
கத்தியை நுழை, திருப்பு, மேலோட்டை எறி.
ஹாவ்லாக் ஆலையில், இரவு ஷிப்டில்
நான் எண்ணுவதில்லை.
என் பெயரில் ஓர் இயந்திரம் எண்ணுகிறது.

விடிந்து வீடு திரும்பினால்
பிராக்கன் இப்போதெல்லாம் கதவுக்கு வருவதில்லை.
படுத்த இடத்திலிருந்தே
வாலால் இரண்டு தட்டு:
இருக்கிறேன், இருக்கிறேன்.

குரைத்தே ஆடு ஓட்டும் சாதி அவன்.
எண்ணூறு ஆட்டை ஒற்றைக் குரலால்
ஓடை தாண்ட வைத்தவன்
இன்று பிக்கப்பின் பின்கதவைப் பார்க்கிறான்,
பிறகு என்னைப் பார்க்கிறான்,
இரவோடு இரவாக யாரோ அதை
உயர்த்திக் கட்டிவிட்டதுபோல.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தாள் டாக்டர் இமொஜென்.
இடுப்புக் கிண்ணத்தின் விளிம்பெல்லாம்
புது எலும்பு, தாறுமாறாக,
படகின் அடியில் ஒட்டி வளர்வதைப்போல.
வலிக்கு மாத்திரை எழுதினாள்.
கூடவே, வேண்டுமென்றால்,
பச்சை உதட்டுச் சிப்பிப் பொடி.
"உதவலாம்" என்றாள்.
"சில நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை."

அந்த 'லாம்'மில்
ஒரு கால் ஊன்றி வெளியே வந்தேன்.

டப்பாவின் மேல் எங்கள் வளைகுடாவின் படம்.
விலை, என் மூன்று மணி நேரக் கூலி.
நான் பிளந்ததைக் காயவைத்துப் பொடித்து
எனக்கே விற்கிறார்கள்.
காலையில் முக்கால் கரண்டி.
முதல் நாள், விரலில் ஒட்டியதை நக்கிப் பார்த்தேன்.
முடியாத ஷிப்டின் ருசி.

செய்தி பரவியது. ஊர் சிறியது.
பக்கத்து வீட்டு டெஸ்மண்ட்
மஞ்சளும் மிளகும் தேங்காயெண்ணெயும் குழைத்து
ஜாடியோடு வந்தான். சத்தியம் செய்தான்.
ஒரு வாரம் நாய்க்கு மஞ்சள் மீசை,
மிதியடி மஞ்சள், என் தலையணை மஞ்சள்,
அதன்பின் வயிற்றுப்போக்கு, அதுவும் மஞ்சள்.
ஜாடியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்,
நன்றி சொல்லி, காரணம் சொல்லாமல்.

மீன்பண்ணை மெரியானா சால்மன் எண்ணெய் தந்தாள்.
முடி மினுங்கியது.
வீடு துறைமுகமாக நாறியது.
அதை நிறுத்தவில்லை.

டாக்டர் சொன்ன இன்னொன்றை
நான் யாரிடமும் சொல்லவில்லை.
ஆறு கிலோ குறையணும்.
எந்தப் பொடியையும்விட அதுதான் முதல் மருந்தாம்.

லாக்லன் கல்கூர்லி சுரங்கத்துக்குப் போனபோது
"ரெண்டு மாசம் பார்த்துக்கோ" என்று
கயிற்றை என் கையில் கொடுத்தான்.
ஆறு வருடம் ஆகிறது.
அந்த ஆறு வருடமும்
வெண்ணெய் தடவிய ரொட்டியின் ஓரத்தை
காலைதோறும் பிய்த்துப் போட்டேன்.
நாங்கள் பேசிக்கொண்டது அதில்தான்.

இப்போது தொட்டிப் பக்கம் திரும்பி நின்று
திருடியைப்போல் தின்கிறேன்.
மொறுமொறுப்பு அவனுக்குக் கேட்கிறது.
அவன் எழவில்லை, கெஞ்சவில்லை.
முதுகில் ஒரு பார்வை மட்டும்.
அதற்கு அளவுக் கரண்டி கிடையாது.

ஒன்பதாவது வாரம். நான்கு கிலோ குறைந்திருக்கிறது.
இன்று காலை உறைபனி.
பின்கதவைத் திறந்ததும்
முன்னங்கால்கள் இரண்டையும் தானே தூக்கி
மேலே வைத்தான். வைத்துவிட்டுக் காத்திருந்தான்.
பொடியாக இருக்கலாம்.
மாத்திரையாக இருக்கலாம்.
தின்னாத ரொட்டியாக இருக்கலாம்.

பின்பக்கத்தை நான் தூக்கினேன்,
கத்தி பிடித்து வீங்கிய முட்டிகளால்.
ஒரு முனகல் கேட்டது.
அவனுடையதா என்னுடையதா,
கவனிக்கவில்லை.
வண்டியைக் கிளப்பினேன்.